அந்நியர் சட்டத்தின் கதை – 7: தண்டனை முடிந்தது, கதவு திறக்கவில்லை

சென்ற அத்தியாயத்தில் ஹான்ஸ் முல்லரைக் கல்கத்தா பிரசிடென்சி சிறையில் விட்டு வந்தோம். மேற்கு ஜெர்மனிக்காரரான அவருடைய வழக்கில் 1955-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றுவரை இந்திய அரசு தன் பக்க வாதத்தின் முதல் வரியாக வைக்கிறது. அந்நியரை நாட்டைவிட்டு வெளியேற்ற அரசுக்கு உள்ள அதிகாரம் முழுமையானது; அதற்குக் கடிவாளம் போட அரசியலமைப்பில் எந்தப் பிரிவும் இல்லை. போ என்றால் போக வேண்டியதுதான்.

சரி, போ என்று அரசு சொல்லவே இல்லையென்றால்? சொல்லியும் அனுப்பி வைக்க முடியவில்லையென்றால்? கோர்ட்டு விதித்த தண்டனையை முழுசாக அனுபவித்து முடித்த ஒரு வெளிநாட்டவரை, சொந்த ஊருக்கும் அனுப்பாமல் தெருவிலும் விடாமல் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? முல்லர் வழக்கு இந்தக் கேள்விக்குள் போகவில்லை. இதற்குத் தனக்கென்று ஒரு விடையைத் தமிழ்நாடு எழுதிக்கொண்டது. சட்டமன்றத்தில் விவாதித்து எழுதவில்லை. தலைமைச் செயலகத்திலிருந்து புறப்படும் ஒரு பக்க, இரண்டு பக்க அரசாணைகளில் எழுதியது. அந்த விடைக்குப் பெயர் சிறப்பு முகாம். வக்கீல்களும் போலீசாரும் உள்ளே இருப்பவர்களும் சொல்வது ஸ்பெஷல் கேம்ப்.

கரையான்சாவடி

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாகச் சாவடிகள். ஆவடிக்குப் பிரியும் சாலை கரையான்சாவடியில் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லி ஒரு ராணுவ முகாம். இன்று ஆவடி, அம்பத்தூர்த் தொழிற்சாலைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்டு பஸ்கள் கடந்து போகும் நெரிசல் சந்திப்பு. தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள்.

இந்த இடத்துக்கு இந்தத் தொடரில் இடம் வந்ததற்குக் காரணம் இங்கிருந்து மேற்கே, அதே நெடுஞ்சாலையில், 1991 மே 21 இரவு நடந்த கொலை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் உள்படப் பலரும் குண்டுவெடிப்பில் செத்துப்போனார்கள். தடா சட்டத்தின்கீழ் விசாரணை நடத்த பூந்தமல்லியில் தனி நீதிமன்றம் இயங்கியது. வாசலைச் சுற்றி மணல் மூட்டைகளும் துப்பாக்கிக் காவலும் நிற்க, கதவை மூடிக்கொண்டு நடந்த விசாரணை அது. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் தீர்ப்புச் சொன்னார்: கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தடா குற்றச்சாட்டுகள் விழுந்தன. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு உறுதியானது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேரும் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். தண்டனை பெற்ற ஏழு பேரில் முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் இலங்கைக் குடிமக்கள். இந்த ஒரு விவரம் அப்போது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. தூக்கா ஆயுளா என்பதே பேச்சாக இருந்தபோது கடவுச்சீட்டைப் பற்றி யார் யோசிப்பார்கள்? 23 ஆண்டுகள் கழித்து அந்த விவரம்தான் அவர்கள் வழக்கின் மையமாக ஆனது.

பூந்தமல்லியில் நீதிமன்றம் மட்டுமா இருந்தது? அதே கரையான்சாவடியில் ஒரு சிறப்பு முகாமும் இருந்தது. விசாரணைக்குக் கைதிகளை அழைத்து வரும் வாகனமும், வழக்கே இல்லாமல் அல்லது வழக்கு முடிந்து அடைபட்டவர்களைப் பார்க்க வரும் மனைவி மக்களும் ஒரே சாலையில் இறங்கினார்கள். அந்த முகாம் எப்படி வந்தது என்பதற்கு ஆறேழு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

விமானம் ஏறிப் போனவர் திரும்பி வந்த கதை

1985 ஆகஸ்டில் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசும் தமிழ் அமைப்புகளும் நடத்திய பேச்சு முறிந்தது. கோபமடைந்த டெல்லி அதே மாதத்தில் சென்னையிலிருந்த மூன்று ஈழத்தமிழரை நாடு கடத்த உத்தரவிட்டது. ஒருவர் விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம். இன்னொருவர் வழக்கறிஞர் நடேசன் சத்தியேந்திரா. மூன்றாமவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன். அகதிகளுக்காக முந்தைய ஆண்டுதான் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். முதல் இருவரும் லண்டன் போனார்கள். அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றப்பட்ட சந்திரஹாசன் சில நாளில் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார்.

தமிழகம் கொதித்தது. மறியலும் ஊர்வலமும் நடந்தன. அந்த ஆண்டில் கருணாநிதி தொடங்கியிருந்த ஈழ ஆதரவு அமைப்பான டெசோவுக்கு அதுவே பெரிய களமாக அமைந்தது. டெல்லி உத்தரவைத் திரும்பப் பெற்றது.

இந்த மூவரில் யாரும் எந்தக் கோர்ட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர் இல்லை. முல்லர் தீர்ப்பு தந்த வரம்பற்ற அதிகாரம் அன்று ஓர் அரசியல் சாட்டையாகத்தான் சுழன்றது. அதைத் தடுத்ததும் சட்டம் இல்லை. தெருவில் இறங்கிய மக்கள். எந்த நீதிபதியும் காரணம் எழுதவில்லை, எந்த முன்மாதிரியும் பதிவாகவில்லை. மக்கள் மனம் மாறினால் தடுப்பும் மாறிவிடும் என்பதை யாரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆறே ஆண்டில் மனம் மாறியது. 1991 மே மாதத்துக்குப் பிறகு வீட்டு வாடகைக்கு வந்த ஈழத்தமிழரைப் பார்க்கும் பார்வையே வேறாயிற்று. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விருப்பத்தோடு போகிறார்களா, விரட்டப்படுகிறார்களா என்ற கேள்வியோடு பழ. நெடுமாறன் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அந்த ஆண்டில்தான் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைக்க அனுமதி கிடைத்தது. போகிறவரின் விருப்பத்தைக் கேட்டறிவது அதன் வேலை. 1992 மே மாதம் விடுதலைப் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. அகதி யார், போராளி யார், குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் போலீசின் கைக்குப் போனது.

ஓர் உட்பிரிவின் விசுவரூபம்

1946-இல், சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பு, அந்நியர் சட்டம் வந்ததை நான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம். அதன் மூன்றாவது பிரிவில் ஒரு பட்டியல் இருந்தது. அந்நியர் இந்தியாவில் இருக்கக் கூடாது என்று உத்தரவிடலாம், அது 3(2)(சி). குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வசிக்க வேண்டும், அங்கிருந்து நகரக் கட்டுப்பாடு உண்டு என்று உத்தரவிடலாம்; அது 3(2)(இ). மத்திய அரசின் இந்த அதிகாரங்கள் அரசியலமைப்பின் 258(1) பிரிவு வழியாக 1958-இலேயே மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

இரண்டாவது உட்பிரிவைத்தான் தமிழ்நாடு பிடித்துக்கொண்டது. "குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும்" என்பதற்குப் போர்க்காலத்தில் ஓர் ஊரையோ ஒரு மலைவாசஸ்தலத்தையோ காட்டுவார்கள். 1990-களின் தமிழ்நாட்டில் அந்த இடம் பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருந்தது. வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று முகாம்கள் வந்தன. முகாமுக்குத் தலைமை சிறைக் கண்காணிப்பாளர் இல்லை; வருவாய்த் துறையின் துணை ஆட்சியர். காவலுக்குப் போலீஸ். உள்ளே சமைத்துக்கொள்ளலாம், கைதி உடை கிடையாது, கைதி எண் கிடையாது. வெளியே போக மட்டும் முடியாது. சிறையிலே இருப்பவனுக்கு விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

நடைமுறை இப்படி இருந்தது. ஒருவர்மீது வழக்கு, ஜாமீன் கிடைக்கிறது. அல்லது விடுதலை ஆகிறார். அல்லது தண்டனைக் காலம் முடிகிறது. சிறை வாசலில் இறங்கும்போது கையில் ஓர் அரசாணை கொடுக்கப்படும்: இன்ன முகாமில் வசிக்க வேண்டும். எத்தனை நாளுக்கு? மறு உத்தரவு வரும்வரை.

இதை எதிர்த்து ஆட்கொணர்வு மனுக்கள் வந்தபோதெல்லாம் அரசு ஒரே பதிலைச் சொன்னது: இது சிறைவைப்பு இல்லை, இடக்கட்டுப்பாடு. உயர் நீதிமன்றம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை ஏற்றது. சட்டத்தின் கண்ணில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய விலை உண்டு. சிறைவைப்பு என்றால் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு குறுக்கே வரும். காரணம் சொல்ல வேண்டும், ஆலோசனைக் குழுவிடம் போக வேண்டும், காலக்கெடு உண்டு. இடக்கட்டுப்பாடு என்றால் இவற்றில் ஒன்றும் தேவையில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் மூன்று பாதுகாப்புகள் கழன்று விழுந்தன.

அரசின் பயத்துக்கும் ஆதாரம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைத் திப்பு மகாலில் அடைபட்டிருந்த புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ஆயுதப் பயிற்சி பெற்றவர்களை ஒரு துணை ஆட்சியரின் மேற்பார்வையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்த காவலர்களின் குடும்பங்களுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ஒரு நாட்டில் விருந்தாளியாக வந்தவர் அந்த நாட்டின் உயிர்களைப் பறித்தால் அவரை வெளியேற்ற அந்த நாட்டுக்கு உரிமை இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆபத்தானவர் என்றால் வழக்குத் தொடரலாம். வழக்கு முடிந்தால் வெளியேற்றலாம். முகாம் இந்த இரண்டையும் செய்யவில்லை. ஆபத்தானவரையும் மீன்பிடிப் படகில் வந்து சிக்கிய அப்பாவியையும் ஒரே கூரைக்குக் கீழே காத்திருக்க வைத்தது.

2012-இல் செங்கல்பட்டிலும் பூந்தமல்லியிலும் உண்ணாவிரதங்கள் நடந்தன. எங்களை வெளியே உள்ள அகதி முகாமுக்கு, குடும்பத்தோடு சேர்ந்து வாழ அனுப்புங்கள் என்பது கோரிக்கை. சிலர் அனுப்பப்பட்டார்கள். வேறு சிலருக்கு நோன்பு முடிந்ததும் பழைய வாழ்க்கையே தொடர்ந்தது. பின்னாளில் திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள முகாமே இந்த ஏற்பாட்டின் தலைநகரம்போல ஆயிற்று. அங்கே இலங்கைக்காரர்களோடு வங்கதேசம், நைஜீரியா, பல்கேரியா என்று பல நாட்டவரும் சேர்ந்தார்கள். ஈழப் பிரச்சினைக்காக வந்த ஏற்பாடு, போதைப்பொருள் வழக்கிலும் ஏ.டி.எம். மோசடி வழக்கிலும் சிக்கிய எல்லா அந்நியருக்குமான பொதுக் கிடங்கு ஆனது.

17 மாதங்கள்

ராஜீவ் வழக்கின் ஏழு பேரிடம் திரும்புவோம். 2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனுவைப் பதினோரு ஆண்டுகள் கிடப்பில் போட்டதைக் காரணம் காட்டி, முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது; நளினியின் தூக்கு முன்பே ஆயுளாகியிருந்தது. மறுநாளே ஏழு பேரையும் விடுவிப்பதாக ஜெயலலிதா அரசு அறிவித்தது. டெல்லி தடை வாங்கியது. 2018 செப்டம்பரில் எடப்பாடி பழனிசாமி அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது, ஆளுநர் முடிவெடுக்கவில்லை. 2022 மே 18 அன்று 142-ஆம் பிரிவைப் பயன்படுத்திப் பேரறிவாளனை உச்ச நீதிமன்றமே விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேருக்கும் அதே தீர்ப்பு.

மறுநாள் சிறை வாசல்களில் கேமராக்கள் காத்திருந்தன. நளினியும் ரவிச்சந்திரனும் இந்தியர்கள், வீட்டுக்குப் போனார்கள். முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரையும் போலீஸ் வாகனம் திருச்சிக்கு ஏற்றிச் சென்றது. நாட்டின் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தவர்கள், உச்ச நீதிமன்றத்தின் பெயரைக்கூடச் சொல்லாத ஓர் உட்பிரிவின்கீழ் மீண்டும் உள்ளே போனார்கள். 31 ஆண்டுகள் சிறையில் இருந்த கணவனும் மனைவியுமான முருகனும் நளினியும் ஒரே தீர்ப்பில் விடுதலையாகி வெவ்வேறு திசையில் பயணப்பட்டார்கள்.

நால்வரின் விருப்பமும் ஒன்றாக இல்லை. ராபர்ட் பயஸ் தம் குடும்பம் இருக்கும் நெதர்லாந்துக்குப் போக அனுமதி கேட்டார். முருகனுக்கு மனைவி இந்தியாவில், மகள் பிரிட்டனில். சாந்தன் கேட்டது ஒன்றே ஒன்று: யாழ்ப்பாணம் போக வேண்டும், வயதான அம்மாவைப் பார்க்க வேண்டும்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். நாடு கடத்துவதை மனித உரிமை தடுக்கிறது என்பதே உலகமெங்கும் இந்த விவாதத்தின் வாய்பாடு. அரசு அனுப்பத் துடிக்கும், அந்நியர் மறுப்பார், நீதிபதி நடுவில் நிற்பார். சாந்தன் விஷயத்தில் அனுப்ப அரசுக்கு உரிமை இருந்தது, போக அவருக்கு ஆசை இருந்தது, தடுக்க ஒரு நீதிபதியும் இல்லை. இருந்தும் ஓராண்டுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மாநிலம், மத்திய உள்துறை, வெளிநாட்டவர் பதிவு அலுவலகம், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் என்று கோப்பு சுற்றியது. அவரும் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது, தம்மை நாடு கடத்துமாறு கேட்டு.

அனுப்பும் உத்தரவு 2024 பிப்ரவரியில் வந்தது. அப்போது அவர் கல்லீரல் நோய் முற்றிச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் கிடந்தார். பிப்ரவரி 28 காலையில் இறந்தார். உடல் விமானத்தில் இலங்கை போனது. மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று சென்னையிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலைத் தீர்ப்புக்கும் அந்த விமானத்துக்கும் இடையே ஏறத்தாழ 17 மாதங்கள். நெதர்லாந்து கேட்டவரும் கொழும்புக்குத்தான் போனார்.

மற்ற நாடுகளில் தமிழர் வழக்குகள்

இதே கேள்வியை உலகின் பல நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோனவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். 1988-இல் பிரிட்டன் திருப்பி அனுப்பிய ஐந்து தமிழ் இளைஞர்களின் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 1991-இல் தோற்றது. ஆனால் அதே நீதிமன்றம் 1996-இல் ஒரு சீக்கியப் பிரிவினை ஆதரவாளரின் வழக்கில் உறுதியான கோடு போட்டது: ஒருவர் நாட்டின் பாதுகாப்புக்கு எத்தனை ஆபத்தானவராக இருந்தாலும், சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு அனுப்பக் கூடாது. அனுப்ப முயன்ற நாடு பிரிட்டன். அனுப்பவிருந்த இடம் இந்தியா. நம் காவல் நிலையங்களைப் பற்றி ஐரோப்பா எழுதிவைத்த சான்றிதழ் அது.

கனடாவில் மாணிக்கவாசகம் சுரேஷ் வழக்கு. அகதியாக ஏற்கப்பட்டவர், புலிகளுக்கு நிதி திரட்டினார் என்று 1995-இல் கைதானார். 2002 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம், சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய இடத்துக்கு அனுப்புவது பொதுவாக அரசியலமைப்புக்கு முரண் என்றது. மிக அரிதான விதிவிலக்கு ஒன்றுக்குக் கதவைச் சற்றே திறந்தும் வைத்தது. நியூயார்க் தாக்குதல் நடந்து நான்கே மாதத்தில் வந்த தீர்ப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

அனுப்பலாமா என்ற கேள்விக்கு இவை விடை. நம் சிறப்பு முகாமுக்கு நெருக்கமான கேள்வி ஆஸ்திரேலியாவில் வந்தது. அகதி என்று ஏற்கப்பட்டு, உளவுத்துறை ஒப்புதல் தராததால் வெளியே விடப்படாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட 46 பேர்; அவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். 2013-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதைத் தன்னிச்சையான சிறைவைப்பு என்றது. ஆஸ்திரேலிய அரசு அசையவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2023 நவம்பரில், அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே, இப்படி அடைத்து வைப்பது செல்லும் என்ற தன் 2004-ஆம் ஆண்டு தீர்ப்பைத் திருத்தியது. வழக்குத் தொடுத்தவர் கடும் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ரோஹிங்கியா. எந்த நாடும் ஏற்க முன்வரவில்லை. கண்ணுக்கெட்டிய காலத்தில் அனுப்பி வைக்க உண்மையான வாய்ப்பு இல்லாதபோது அடைத்து வைப்பது நிர்வாகம் அல்ல, தண்டனை. தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்றார்கள் நீதிபதிகள். நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். ஊர் கொந்தளித்தது, அரசு கண்காணிப்புக்கு அவசரமாகப் புதுச் சட்டங்கள் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-லேயே ஒரு கணக்குச் சொல்லியிருந்தது: வெளியேற்ற உத்தரவுக்குப் பின் ஆறு மாதம் நியாயமான காலம், அதற்கு மேல் என்றால் அரசுதான் காரணம் காட்ட வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்தபோது, அந்நியரை வெளியேற்றுவது பற்றிய 13-ஆம் பிரிவில் எங்கள் நாட்டுச் சட்டமே செல்லும் என்று குறிப்பு எழுதிவிட்டுத்தான் சேர்ந்தது. ஆக, பன்னாட்டுச் சட்டத்தின் வழியே வரும் எல்லா வாசலிலும் ஒரு தாழ்ப்பாள்.

மிச்சம் இருப்பது 21-ஆம் பிரிவு. உயிரும் உடல் சுதந்திரமும் குடிமக்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை; எந்த மனிதருக்கும் என்கிறது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உரக்கச் சொன்னது. 2021-இல் ரோஹிங்கியா வழக்கில் குரல் தணிந்தது: 21-ஆம் பிரிவு எல்லாருக்கும் உண்டு, ஆனால் நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை, இங்கே குடியிருக்கும் உரிமையோடு பிணைந்தது, அது குடிமக்களுக்கே.

காத்திருப்புக்கு வரம்பு போடவும் அதே நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. அசாமில் அந்நியர் என்று தீர்ப்பாகி மூன்று ஆண்டுக்கு மேல் அடைபட்டவர்களைப் பிணையில் விடலாம் என்று 2019-இல் சொன்னது. கொரோனா வந்ததும் 2020-இல் அதை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில், 63 பேரை வைத்துக்கொண்டு முகவரி தெரியவில்லை என்று காரணம் சொன்ன அசாம் அரசைப் பார்த்து, முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டது அதே உச்ச நீதிமன்றம்தான்.

மூன்று மாதம் கழித்து, 2025 மே 19 அன்று, தமிழ்நாட்டிலிருந்து ஒரு மனு அங்கே போனது. மனுதாரர் இலங்கைத் தமிழர். 2015-இல் புலிகளோடு தொடர்பு என்று கைதாகி, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பத்து ஆண்டு தண்டனை பெற்றார். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏழாகக் குறைத்து, முடிந்ததும் நாட்டைவிட்டுப் போக வேண்டும், அதுவரை முகாமில் இருக்க வேண்டும் என்றது. தண்டனை முடிந்தது. மூன்று ஆண்டுக்கு அருகில் முகாமில் கழிந்தது. மனைவி மக்கள் இந்தியாவில். இலங்கை போனால் உயிருக்கு ஆபத்து என்பது அவர் தரப்பு. இந்தியா என்ன, உலகமெங்கும் உள்ள அகதிகளைத் தங்கவைக்கும் தர்மசாலையா என்று நீதிபதி தீபங்கர் தத்தா கேட்டார். வேறு நாட்டுக்குப் போகலாமே என்றார். மனு தள்ளுபடி.

தர்மசாலை என்ற அந்தக் கேள்வி நாடெங்கும் விவாதமானது. 140 கோடிப் பேர் உள்ள நாடு என்ற கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மனுவின் இன்னொரு பாதி அந்தச் சத்தத்தில் அமுங்கியது. தங்கவிடு என்பது ஒரு கோரிக்கை. மூன்று ஆண்டாக அனுப்பும் வேலையையே தொடங்காமல் அடைத்து வைத்திருக்கிறீர்களே என்பது இன்னொரு முறையீடு. முதலாவதற்கு இல்லை என்று பதில் சொன்னாலும், இரண்டாவதற்குத் தனியாக ஒரு பதில் வேண்டியிருந்தது. அசாமுக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுக் கணக்கு தமிழ்நாட்டுக்கு வரவில்லை.

சாந்தனையும் இந்த மனுதாரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் போகத் துடித்தார். இன்னொருவர் போக அஞ்சினார். ஒருவரை அனுப்புவதில் மனித உரிமைச் சிக்கலே இல்லை. இன்னொருவர் விஷயத்தில் அதுவே முழுச் சிக்கல். இருவருக்கும் கிடைத்தது ஒன்றுதான்: மறு உத்தரவு வரும்வரை முகாம். அப்படியென்றால் முகாம் எந்தத் தராசிலும் எதையும் நிறுக்கவில்லை. பாதுகாப்பு, உரிமை என்ற இரண்டு தட்டையும் தொடாமல் தராசையே மூலையில் வைத்துவிடும் வசதிக்குப் பெயர்தான் சிறப்பு முகாம். முடிவெடுத்தால் ஒரு பக்கம் கோபப்படும். அனுப்பினால் தமிழ் உணர்வாளர், விட்டால் டெல்லி. முடிவெடுக்காமல் இருந்தால் கோபப்பட உள்ளே இருப்பவரைத் தவிர யாரும் இல்லை. அவருக்கு ஓட்டும் இல்லை. 1990-களிலிருந்து மாறி மாறி ஆண்ட இரண்டு கழகங்களும் இந்த வசதியைக் கைவிடாததற்குக் காரணம் இதுதான்.

குற்றம் செய்த அந்நியரை அனுப்ப வேண்டும் என்பவர்களும், அவருடைய உரிமையைக் காக்க வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் எதிரெதிர் அணியாக இருக்க வேண்டியதில்லை. தண்டனை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பயண ஆவணத்துக்கு எழுதுவது, போகும் இடத்தில் உயிராபத்து உண்டா என்று ஓர் அதிகாரியோ தீர்ப்பாயமோ காரணத்தோடு முடிவு சொல்வது, ஏற்கத் தயாராக உள்ள மூன்றாம் நாட்டுக்குப் போக விடுவது, இவ்வளவுக்கும் பிறகு அனுப்ப முடியாவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குப் பின் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் நிபந்தனையோடு வெளியே விடுவது. இவற்றில் எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

1946-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய நான்கு சட்டங்களை ரத்து செய்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கிடைத்திருக்கிறது. அகதி முகாம்களில் வாழும் பல்லாயிரம் பேருக்கு அது பெரிய ஆறுதல். குறிப்பிட்ட இடத்தில் வசிக்கச் சொல்லும் அதிகாரம் புதுச் சட்டத்திலும் தொடர்கிறது. எத்தனை நாளுக்கு என்ற கேள்விக்கு, 79 ஆண்டு கழித்து எழுதிய சட்டத்திலும் ஓர் எண் இல்லை. அந்த எண்ணை எழுதுவதற்கு நாடாளுமன்றம் முன்வர வேண்டும். இல்லையென்றால் அசாமுக்கு எழுதிய கையாலேயே உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கும் எழுத வேண்டும்.

அடுத்த அத்தியாயம்: 1986 நவம்பரில் சூளைமேட்டில் ஒரு துப்பாக்கிச் சூடு. குற்றம்சாட்டப்பட்டவர் நாடு திரும்பி அமைச்சராகி, இந்தியப் பயணமும் வந்து போனார். அனுப்ப முடியாமல் வைத்திருந்தவர்களின் கதையைப் பார்த்தோம். வரவழைக்க முடியாமல் போனவரின் கதையை இனிப் பார்ப்போம்.

(தொடரும்)